கார் வாங்கப் போறீங்களா? முதல்ல பின் கதவைத் திறந்து பாருங்க!

கார் வாங்கப்போகிறோம் என்று வெளியில் சொல்லிப் பாருங்கள். 'பெட்ரோலா, டீசலா?', 'மைலேஜ் என்ன தருது?', 'சன்ரூஃப் இருக்கா?', 'ஆன்ரோடு எவ்வளவு வருது?' என நான்கு கேள்விகள் உடனே வரும். 'உங்க வீட்ல யார் யார் அதுல ஏறி இறங்கணும்?' என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் முதல் கார் வாங்க இரண்டு மாதம் விவாதம் நடந்தது. கடைசியில் முடிவு செய்தது, யாருமே கேட்காத அந்த ஐந்தாவது கேள்விதான்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஊரில் அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற ஆச்சி, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு வயது மகள். என்னையும் சேர்த்தால் ஏழு பேர். வீட்டில் இருந்த வாகனம் இரண்டு டூவீலர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி 18 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவிகிதம், அதன் மேல் செஸ் வேறு. செய்தியைப் படித்த அன்று இரவே அப்பா போன் செய்தார். "ரிட்டையர் ஆகுறதுக்குள்ள ஒரு கார் வாங்கிருவோம்மா" என்றார். அப்போது ஆரம்பித்தது ரகளை.

ஒரு வீடு, நாலு கட்சி

அண்ணனுக்கு மூன்று கதவு தார் ஜீப் மீது காதல். அப்பாவுக்கு, பின்னால் தனியாக டிக்கி நீட்டிக்கொண்டிருந்தால்தான் அது கார். அதாவது செடான். "ஏழு பேரும் ஒண்ணா போற மாதிரி வண்டி இருந்தா பாருங்க" என்றார் அம்மா. குழந்தை சீட் மாட்ட வேண்டும், அழும் பிள்ளையை மழையில் நின்றுகொண்டு உள்ளே திணிக்க முடியாது என்பது அண்ணியின் கவலை.

ஆச்சி மட்டும் எந்தக் கட்சியிலும் இல்லை. "நான் வீட்லயே இருந்துக்கிடுதேன்யா. நீங்க போயிட்டு வாங்க" என்பதுதான் அவருடைய ஒரே வசனம்.

ஆச்சிக்கு 74 வயது. இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, வலது காலிலும் வலி. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நன்றாகவே நடப்பார். ஆனால் ஆட்டோவில் கால் தூக்கி வைக்க முடியாது. ஒருமுறை தெரிந்தவர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தபோது, தாழ்வான சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியாமல் தெருவே பார்க்க இரண்டு பேர் கைகொடுத்து இழுத்து இறக்க வேண்டியதாகிவிட்டது. அதன்பிறகு ஆஸ்பத்திரி தவிர எங்கேயும் வர மறுத்துவிட்டார். சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் கழுகுமலையில் இருக்கிற சொந்தத் தங்கச்சியைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் தினமும் போனில் பேசுவார்கள், அவ்வளவுதான்.

அந்த அஞ்சாவது கதவு எது?

இணையத்தில் கார்களைப் பற்றி வாசித்தால் 'த்ரீ டோர்', 'ஃபைவ் டோர்' என்று வரும். "காருக்கு நாலு கதவுதானே, அஞ்சாவது எங்க இருக்கு?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கித் திறக்கிற பின்பக்கக் கதவையும் ஒரு கதவாகக் கணக்கு வைக்கிறார்கள். ஆகவே பக்கவாட்டில் இரண்டு, பின்னால் ஒன்று என்றால் மூன்று கதவு. பக்கவாட்டில் நான்கு, பின்னால் ஒன்று என்றால் ஐந்து கதவு. செடானில் டிக்கி மூடி தனியாக இருப்பதால் அதைச் சேர்ப்பதில்லை, அது நான்கு கதவு. எஸ்டேட் என்பது செடானின் கூரையை அப்படியே கடைசிவரை நீட்டி, டிக்கியையும் உட்காரும் இடத்தையும் ஒரே அறையாக ஆக்கிய கார். அதற்கும் கதவு ஐந்து, சாமான் வைக்கும் இடம்தான் அதிகம்.

ஐரோப்பாவில் ஒரே மாடல் காரையே மூன்று கதவு, ஐந்து கதவு, எஸ்டேட் என்று மூன்று விதமாக விற்ற காலம் உண்டு. தனி ஆளுக்கு மூன்று, குழந்தை பிறந்தால் ஐந்து, குழந்தையோடு நாயும் தள்ளுவண்டியும் சேர்ந்தால் எஸ்டேட் என்பது அங்கே கணக்கு.

நம் ஊர்க் கதை வேறு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதே ஐந்து கதவுகளோடுதான் வந்தது. இங்கே கார் வாங்குவது குடும்பம். முதல் நாளிலிருந்தே பின் சீட்டில் ஆள் இருப்பார்கள். 1991-ல் டாடா சியாரா மூன்று கதவுகளோடு வந்தது. பின்னால் பெரிய கண்ணாடி, பார்க்க அத்தனை அழகு. ஆனால் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டைச் சாய்த்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதே சியாரா 2025 நவம்பரில் மறுபடி வந்தபோது கதவுகள் ஐந்தாகியிருந்தன. 2020-ல் மூன்று கதவோடு வந்த புதிய தாருக்கும், 2024 ஆகஸ்ட் 15 அன்று 'ராக்ஸ்' என்று ஐந்து கதவு அண்ணன் வந்துவிட்டார்.

அண்ணனின் தார் கனவைக் கலைத்தது அண்ணிதான். ஷோரூமில் முன் சீட்டை மடக்கி, இடுப்பில் பிள்ளையோடு பின்னால் நுழையப் பார்த்தார். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. "இதுல தினமும் ரெண்டு தடவை ஏறி இறங்கினா எனக்கும் ஆச்சி மாதிரி வாக்கர் வேணும்" என்றார். அண்ணன் சத்தமே போடவில்லை.

மூன்று கதவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கவாட்டில் இரண்டே கதவுகள் என்பதால் அவற்றின் நீளம் அதிகம். எங்கள் தெரு மாதிரி குறுகலான இடத்தில் சுவர் ஓரம் நிறுத்தினால் முழுதாகத் திறக்க முடியாது. 'பின்னால் கதவே இல்லையென்றால் குழந்தை திறந்துவிடும் பயம் இல்லை' என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு வசதி. ஆனால் இப்போது பின் கதவின் ஓரத்தில் 'சைல்டு லாக்' என்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து கதவைத் திறக்க முடியாது.

அப்பாவின் டிக்கி

அடுத்தது அப்பாவின் செடான். நம் ஊர் செடான்களின் டிக்கி ஏன் வெட்டிவிட்டது போல இருக்கிறது தெரியுமா? காரணம் வரி. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1.2 லிட்டருக்குள், டீசல் என்றால் 1.5 லிட்டருக்குள் இன்ஜினும் இருக்கும் கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். உடனே டிக்கியைச் சுருக்கி 4 மீட்டருக்குள் செடான் செய்ய ஆரம்பித்தார்கள். 2008-ல் இண்டிகோ சி.எஸ் வந்தது. அதே வருடம் 4 மீட்டருக்கு மேல் நீளத்தோடு வந்த டிசையர், 2012-ல் அந்த அளவுக்குள் சுருங்கியது. இன்றைக்கும் அந்த 4 மீட்டர் கோடுதான் 18 சதவிகித ஜி.எஸ்.டி-யையும் 40 சதவிகித ஜி.எஸ்.டி-யையும் பிரிக்கிறது.

டிக்கி நிஜமாகவே பெரிதுதான். இப்போதைய ஸ்விஃப்ட்டில் 265 லிட்டர், அதன் செடான் உறவான டிசையரில் 382 லிட்டர். அப்பா இந்த எண்ணைக் காட்டியே வாதாடினார். ஆனால் லிட்டர் கணக்கு, உள்ளே எவ்வளவு இடம் என்று சொல்லுமே தவிர, வாய் எவ்வளவு அகலம் என்று சொல்லாது. சூட்கேஸ்கள் அழகாக நுழைகின்றன. உயரமான சாமான் என்று வந்தால் டிக்கி மூடாது. பல சின்ன செடான்களில் பின் சீட்டும் மடங்காது. ஹேட்ச்பேக்கில் டிக்கி சின்னதாக இருந்தாலும், மேலே இருக்கும் தட்டை எடுத்துவிட்டு, 60:40 ஆகப் பிரியும் சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கினால், பொங்கல் பானையையும் வாக்கரையும் நிறுத்தி வைத்து, மறுபக்கம் ஆளையும் உட்கார வைக்கலாம். இந்த 60:40 வசதி பல மாடல்களில் மேல் வேரியன்ட்டில் மட்டும்தான் கிடைக்கும். கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சி.என்.ஜி பக்கமும் அப்பா கொஞ்சம் சாய்ந்தார். மைலேஜ் நல்ல மைலேஜ்தான். ஆனால் சிலிண்டர் டிக்கியில்தான் உட்காரும். டாடா நிறுவனம் 2023 முதல் சில மாடல்களில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கு அடியில் வைக்கிறது. எதுவானாலும், டிக்கியைத் திறந்து பார்க்காமல் சி.என்.ஜி முடிவெடுக்க வேண்டாம்.

அம்மா சொன்ன கணக்கு

"மிச்ச நாளெல்லாம் நாலு பேர்தான் போவோம். அஞ்சு சீட் போதும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக மட்டும் வேன் பிடிச்சுக்கலாம்" என்று அண்ணன் கணக்குச் சொன்னான். கேட்க சரியாகத்தான் இருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தபடியே சொன்னார்: "அஞ்சு சீட்டுன்னா யாராவது ஒருத்தர் வீட்ல நிக்கணும். அது எப்பவும் நானாத்தான இருப்பேன்?"

யாரும் பதில் பேசவில்லை. ஐந்து சீட் காரில் குழந்தை சீட் ஒன்று மாட்டிவிட்டால், நடுவில் இன்னொரு பெரியவர் உட்காரும் இடம் கிட்டத்தட்டப் போய்விடும். அதாவது நான்கு சீட். அண்ணன் ஓட்டுவான், பக்கத்தில் அப்பா, பின்னால் அண்ணி, குழந்தை. ஆச்சி வர சம்மதித்தாலும் நடுவில் நெருக்கித்தான் உட்கார வேண்டும். அம்மாவுக்கு அங்கே இடமே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் இது கண்ணில் படாது.

குழந்தை சீட் தேவையா, மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை பெல்ட்டோ, குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194பி பிரிவு சொல்கிறது. அபராதத்தை விடுங்கள். சடன் பிரேக் அடித்தால் நம் கையால் ஒரு குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது.

ஆக, ஏழு சீட் பார்க்கப் போனோம். அங்கே ஓர் ஆச்சர்யம் காத்திருந்தது. நம் நாட்டில் எஸ்டேட் கார்கள் வராமல் இல்லை. 1992-ல் டாடா எஸ்டேட், பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, 2004-ல் இண்டிகோ மெரினா என்று வந்துகொண்டுதான் இருந்தன. எதுவும் நிலைக்கவில்லை. போட்டோவைக் காட்டியதும் அப்பா "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கே" என்றார். ஏன் நிலைக்கவில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே புரிந்தது. ஆனால் கடைசி வரிசையை மடக்கிய ஏழு சீட் கார் என்ன? கூரை கடைசிவரை போகிறது, பின்னால் பெரிய கதவு, ஒரே அறையாக சாமான் இடம். பெயர்தான் வேறு, அது எஸ்டேட்டேதான்!

உதாரணத்துக்கு, 2019-ல் வந்த ட்ரைபர் 4 மீட்டருக்குள் ஏழு சீட். ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கி வெறும் 84 லிட்டர்தான்; ஒரு சின்ன பை வைக்கலாம். கடைசி வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர். 2012-ல் வந்த எர்டிகாவின் இப்போதைய மாடலில் ஏழு பேருக்குப் பின்னால் 209 லிட்டர், கடைசி வரிசையை மடக்கினால் 550. அது 4 மீட்டரைத் தாண்டுவதால் 40 சதவிகித வரி. சின்னதில் இன்ஜினும் சின்னது. ஏழு பேரோடு மலைப்பாதையில் ஏறும்போது பொறுமை வேண்டும். எதை எடுத்தாலும் ஏழு ஆளும் ஏழு ஆள் சாமானும் ஒன்றாகப் போகாது. சாஸ்தா கோயிலுக்கு ஆட்கள் காரில், அரிசி மூட்டையும் பானையும் விறகும் குட்டியானையில் என்று அம்மா அதற்கும் தீர்வு சொல்லிவிட்டார்.

டேப்போடு போன ஷோரூம்

இத்தனையிலும் ஆச்சி என்ன செய்வார் என்பது தெரியவில்லை. ஒருநாள் அண்ணி, ஆச்சிக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டார். அவர் சொன்னது எளிமையானது. ஒரு காலைத் தூக்கி வைத்து ஏறக் கூடாது. சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார வேண்டும். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். தினமும் எந்த உயரத்திலிருந்து தானாக எழுந்திருக்கிறாரோ, சீட் அதே உயரத்திலோ சற்று மேலேயோ இருந்தால் நல்லது.

அண்ணி ஆச்சியின் கட்டிலை அளந்தார். மெத்தையோடு 22 அங்குலம். அந்த எண்ணை எழுதிக்கொண்டு, டேப்பையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஷோரூம் ஷோரூமாகப் போனோம். தரையிலிருந்து பின் சீட்டின் விளிம்புவரை அளந்தோம். நாங்கள் பார்த்த செடானில் 19 அங்குலம். ஆச்சியை இழுத்துத்தான் எழுப்ப வேண்டும். உயரமான எஸ்.யூ.வி ஒன்றில் 27. உட்காரவே எம்ப வேண்டும். ஏழு சீட் கார் ஒன்றில் 24.

ஒரு ஷோரூமில் விற்பனைப் பிரதிநிதி எங்களை விநோதமாகப் பார்த்து, "மேடம், ஸ்கிரீன் எத்தனை இன்ச்னுதான் எல்லாரும் கேப்பாங்க" என்றார். நல்ல பிள்ளை. டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டதும் மறுநாளே கொண்டுவந்து நிறுத்தினார்.

"அத்தை, சும்மா உக்காந்து மட்டும் பாருங்க. எங்கயும் போகல" என்று அம்மா கூப்பிட்டார். ஆச்சி வாசற்படியில் நின்றபடி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. வாக்கரோடு மெதுவாக வந்து, திரும்பி நின்று, பின்னால் கையை வைத்துத் துழாவி, உட்கார்ந்தார். அண்ணன் முன் சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினான். கால் இரண்டும் உள்ளே வந்தன. தலை எங்கும் இடிக்கவில்லை. கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலேயே காலை வெளியே வைத்து, தானாக எழுந்து நின்றார். "கெளம்புங்க, நிக்கீங்க?" என்றார். டெஸ்ட் டிரைவுக்கு முதலில் போனது ஆச்சிதான்.

நீங்கள் பார்க்க வேண்டியவை

எங்கள் அலைச்சலில் கிடைத்த குறிப்புகள், உங்களுக்கும் உதவலாம்:

• வீட்டில் ஏறி இறங்க அதிகம் சிரமப்படுபவர் யாரோ, அவரை வைத்துத்தான் டெஸ்ட் டிரைவ். ஷோரூமுக்கு வர முடியாவிட்டால் வண்டியை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.

• பின் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்று பாருங்கள். கிட்டத்தட்டச் செங்கோணத்துக்குத் திறந்தால் பெரியவர்களுக்கும் குழந்தை சீட் மாட்டுபவர்களுக்கும் எளிது.

• சீட் உயரத்தோடு, கால் தாண்ட வேண்டிய கதவடி விளிம்பின் உயரத்தையும் பாருங்கள்.

• நம் சாலைகளில் ஓரம் கட்டினால் இடதுபக்கம்தான் நடைபாதை. பெரியவர்கள் இடதுபக்கக் கதவில் ஏறி இறங்கும்படி இடம் ஒதுக்குங்கள்.

• வாக்கர், சக்கர நாற்காலி, பிள்ளையின் தள்ளுவண்டி என்று உங்கள் வீட்டில் எது இருக்கிறதோ அதைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்து, மூடிப் பாருங்கள்.

• குழந்தை சீட்டை மாட்டிவிட்டு, பக்கத்தில் எத்தனை பேர் உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். ஆவணத்தில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

• மூன்றாவது வரிசை வாங்கினால், அதில் வீட்டின் இளையவர்கள் உட்காரட்டும். அங்கேயும் தலைசாய்மானம் இருக்கிறதா எனப் பாருங்கள், பெல்ட் போடுங்கள்.

நாங்கள் எந்த காரை எடுத்தோம் என்று இங்கே எழுதவில்லை. எங்கள் ஆச்சியின் கட்டில் 22 அங்குலம்; உங்கள் வீட்டுக் கட்டிலின் உயரம் வேறாக இருக்கும். கடைசி வரிசையில் நானும் அண்ணனும்தான் மாறி மாறி முட்டி இடிக்க உட்காருகிறோம். அப்பாவுக்கு டிக்கி இல்லாத குறை இன்னும் தீரவில்லை. அம்மா இதுவரை ஒரு பயணத்துக்கும் வீட்டில் நிற்கவில்லை.

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கழுகுமலைக்குப் போனோம். அக்காவும் தங்கச்சியும் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. கிளம்பும்போது சின்ன ஆச்சி காரைச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கும் முழங்கால் வலிதான். "என்னால இதுலல்லாம் ஏற முடியாதுக்கா" என்றார். எங்கள் ஆச்சி வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு, பின் கதவைத் தானே திறந்தார்.

"ஏளா, இங்க வா. மொதல்ல முதுகக் காட்டி உக்காரு. அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பு. நான் சொல்லுதேன்லா?"